தவளையின் சாபமும் நமது சிரிப்பும்

சென்ற மாதம் இலக்கியக் கூட்டமொன்று முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது மூத்த விமர்சகர் ஒருவர் நம்மை நிறுத்தி, வீடியோ விளையாட்டுகளைப் பற்றி வகுப்பில் பேசுகிறீர்களாமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றோம். “அதில் என்ன இருக்கிறது, பேராசிரியரே? ஒரு தவளையை வாளால் வெட்டுகிறான். தவளை சாகிறது, காசு விழுகிறது. இதற்கு எதற்கு விமர்சனம்?” என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தனர். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அப்போது நம்மிடம் இல்லை. ஆகவே இந்த எதிர்வினை. அவர் எள்ளலுக்காகக் கையிலெடுத்த அந்தத் தவளையையே நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

நமது கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு விளையாட்டு நாவலைப் போலக் கதை சொல்கிறது என்பதற்காக அதை மதிக்க வேண்டியதில்லை. அதன் விதிகள் ஓர் அனுபவத்தை உண்டாக்குகின்றனவா, அந்த அனுபவம் மனித வாழ்வின் ஏதேனும் ஒரு மூலையைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே மதிக்கவோ தள்ளவோ வேண்டும். அப்படிப் பார்க்கையில் ஒரு தவளையோடு மோதும் இந்தச் சண்டை, சாபம் என்னும் பழைய சொல்லுக்கு அண்மைக் காலத்தில் நாம் கண்ட மிகக் கடுமையான உரை என்று தோன்றுகிறது. அந்த உரையைப் பின்னால் அதே நிறுவனம் நீர்த்துப்போகச் செய்ததும் பேசப்பட வேண்டியதே.

விளையாட்டின் பெயர் ‘டார்க் சோல்ஸ்’. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் 2011இல் வெளியிட்டது. விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்து, அதன் கதியை நடத்திச் செல்லும் ஆர்.பி.ஜி. வகையைச் சேர்ந்தது. லோர்டிரன் என்றொரு பாழடைந்த தேசம். அதில் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் திரியும் ஒருவன் நாயகன். இரண்டு மணிகளை அடிப்பது அவனது முதற்பணி. ஒரு மணி தேவாலயத்தின் உச்சியில் இருக்கிறது, மற்றது பாதாளத்தில். அந்தப் பாதாளத்திற்கு இறங்கும் வழியில் ‘தி டெப்த்ஸ்’ எனப்படும் சாக்கடைச் சுரங்கம் குறுக்கிடுகிறது. எலிகளும், கூரையிலிருந்து சொட்டும் கூழ்ப்பிண்டங்களும் நிறைந்த இடம். தரையில் ஆங்காங்கே ஓட்டைகள். கவனம் தவறினால் விழ வேண்டியதுதான். விழுந்த இடத்தில் காத்திருப்பதுதான் நமது தவளை.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாசிலிஸ்க். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி இப்பெயருடைய பாம்பொன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பார்வையாலும் மூச்சாலும் கொல்லக்கூடியது அது. சேவல் இட்ட முட்டையைத் தேரை அடைகாத்தால் இப்பிராணி பிறக்கும் என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினர். விளையாட்டில் வருவது பாம்பல்ல. நீண்ட வாலும், தத்தித் தத்தி வரும் நடையும், தலைக்குமேல் பந்துபோல் பிதுங்கிய இரண்டு கண்களும் கொண்ட பெருந்தவளை. பார்த்தவுடன் சிரிப்பு வரும். நமது விமர்சகர் சிரித்ததில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் அந்தக் கண்கள் பொய். கூர்ந்து பார்த்தால் அவற்றுக்குக் கீழே, வாயை ஒட்டி, சிறிய உண்மைக் கண்கள் வேறாக இருப்பது தெரியும். கண்ணால் கொல்லும் பிராணி என்று நூல்கள் சொல்லிவைத்த ஒன்றுக்குப் பொய்க் கண்களைப் பொருத்தி, பார்ப்பவன் அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சால் கொல்வது இவ்வுருவத்தை அமைத்தவர்களின் சாமர்த்தியம். ஒரு கவிஞன் படிமத்தைத் தலைகீழாக்கும்போது பக்கம் பக்கமாக வியக்கும் நாம், ஒரு சித்திரக்காரன் அதையே செய்யும்போது ஏன் சிரித்துவிட்டு நகர வேண்டும்?

சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நமது வாதம் அதில்தான் நிற்கிறது. பாசிலிஸ்க் பலமுள்ள எதிரியல்ல. சில அடிகளில் விழுந்துவிடும். ஆபத்து அது கக்கும் சாம்பல் நிறப் புகையில் இருக்கிறது. புகை பட்டதும் திரையில் ஒரு பட்டை ஏறத் தொடங்கும். கேடயத்தால் அம்பைத் தடுக்கலாம், வாளைத் தடுக்கலாம், புகையைத் தடுக்க முடியாது. கக்கிய பின்னும் புகை சற்று நேரம் அங்கேயே தங்கும். இரண்டு தவளைகள் சேர்ந்து கக்கினால் பட்டை இருமடங்கு வேகத்தில் ஏறும். ஆகவே வீரத்தால் இங்கே பயனில்லை. எட்ட நின்று அம்பெய்ய வேண்டும். அல்லது ஒன்றைத் தனியே இழுத்து வந்து, இரண்டு அடி அடித்து, அது ஊதத் தொடங்கும்போதே விலகி ஓட வேண்டும். பட்டை ஏறியிருந்தால் அது இறங்கும்வரை தள்ளி நின்று பொறுக்க வேண்டும். பொறுக்காதவன் பட்டை நிரம்பிய அக்கணமே, உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும், கல்லாகச் சமைந்து சாகிறான்.

இந்த விளையாட்டில் சாவு ஒரு செய்தியே அல்ல. சாகிறவன் கடைசியாக இளைப்பாறிய தீமூட்டத்தருகே மீண்டும் எழுகிறான். சேர்த்துவைத்த ஆன்மாக்கள்தாம் அங்கே நாணயம். இறந்த இடத்திற்கு மறுபடி சாகாமல் போய்ச் சேர்ந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை செத்தாலும் எழும்போது முழு உயிரோடு எழுகிறான். பாசிலிஸ்கால் செத்தவன் மட்டும் அப்படி எழுவதில்லை. அவனது உயிரின் உச்ச அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. தீயருகே அமர்ந்தாலும், மருந்து குடித்தாலும், மறுபடி செத்து எழுந்தாலும் அந்தப் பாதி திரும்பாது. முன்பு நான்கு அடி தாங்கியவன் இப்போது இரண்டு அடியில் விழுகிறான். சாக்கடையில் இறங்கி வந்த வழியெல்லாம், தான் ஏற்கெனவே வென்ற எதிரிகளிடமே, பாதி ஆளாக நின்று மறுபடியும் சண்டையிட்டு மேலேற வேண்டும்.

நாற்பது வயதைக் கடந்த நாம், மாணவர் ஒருவரின் வற்புறுத்தலால் இதை விளையாடினோம். ஓட்டையில் விழுந்தோம், சிரித்தோம், கல்லானோம். எழுந்தபோது பட்டையின் பாதி காலியாயிருந்தது. யந்திரக் கோளாறு என்றே முதலில் நினைத்தோம். தீயருகே போய் அமர்ந்தோம். ஒன்றும் மாறவில்லை. சிரிப்பு நின்ற இடம் அது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். சாபத்தால் கல்லாவது தமிழ் வாசகனுக்குப் புதிதா? அகலிகையை அறியாதவர் யார்? வால்மீகியில் அவள் காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் தவமிருக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள், இராமனின் கால்தூசி பட்டுப் பெண்ணாகிறாள். புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதியபோது அந்த விமோசனத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். சாபம் நீங்கியவள் சாபத்துக்கு முந்தைய பெண்ணாகத் திரும்ப முடியுமா, நீக்கியவனுக்கு நீக்கும் தகுதி உண்டா என்ற இரண்டு கேள்விகளை அந்தக் கதை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனது. இவற்றை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் பேசுகிறோம். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். மணியடித்ததும் முழு ஆளாக எழுந்து போகிறார்கள்.

அதில் குற்றமில்லை. இலக்கியத்தின் வழி அது. பிறர் துயரை நமது துயர்போல் எண்ணிப் பார்க்கவைக்கும். நம்மிடமிருந்து எதையும் பறிக்காது. விளையாட்டின் வழி வேறு. அது பறிக்கிறது. பறிகொடுத்தவனாக ஒரு மாலைப்பொழுது முழுவதும் நடக்கவைக்கிறது. சாபம் பெற்றவள் எப்படியிருந்திருப்பாள் என்று கம்பனில் நாம் கற்பனை செய்கிறோம். இங்கே குறைந்துபோன ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த வளைவைக் கடக்கலாமா என்று கணக்குப் போடுகிறோம். இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பவர் இரண்டையும் இழப்பார். நாம் கேட்பது சிறிய சலுகைதான்: இரண்டாவது வழியும் ஒரு வழி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மற்றொரு கூட்டத்தாரோடும் நமக்குச் சண்டை உண்டு. அவர்கள் விளையாட்டின் அன்பர்கள். ‘டார்க் சோல்ஸ் ஒரு காவியம்’ என்று தொடங்கி, எந்தக் கடவுள் எந்த நாகத்தை அழித்தான், எந்த அரசன் எந்தத் தீயை மூட்டினான் என்று பத்துப் பக்கம் கதைச்சுருக்கம் எழுதி, இதோ இலக்கியம் என்று நம் முன் வைக்கிறார்கள். ஐயா, கதைச்சுருக்கத்தால் எதுவும் இலக்கியமாவதில்லை. அப்படியானால் கோனார் உரைதான் நமது தலைசிறந்த நூலாக இருந்திருக்கும். மியாசாகி சிறுவனாக இருந்தபோது ஆங்கில மாயக்கதைகளை மொழி முழுதும் புரியாமலே படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரது விளையாட்டும் அப்படியே கதையை உடைத்து, ஒரு மோதிரத்தின் குறிப்பில் ஒரு துண்டும் ஒரு வாளின் குறிப்பில் மற்றொரு துண்டுமாக ஒளித்துவைத்திருக்கிறது. அந்த இடைவெளிகளையெல்லாம் சிமெண்டு பூசி அடைத்துவிட்டு, பாருங்கள் எவ்வளவு வழவழப்பான சுவர் என்று காட்டுவது வாசிப்பாகாது.

வாசிப்பு என்றால் எதை வாசிப்பது? சாபத்தை நீக்கும் பொருளையே எடுத்துக்கொள்வோம். பர்ஜிங் ஸ்டோன் என்று பெயர். சாபநீக்கக் கல் என்று நாம் சொல்லலாம். தேவாலயத்து மணியை அடித்தபின் அக்கோபுரத்தில் ஆஸ்வால்ட் என்றொருவன் வந்து நிற்கிறான். பாவமன்னிப்பு வழங்குவது அவன் தொழில். விலை கொடுத்தால் கல்லும் தருவான். வாங்கி உபயோகித்தால் இழந்த பாதி திரும்பிவிடும். பெரும்பாலோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். கல்லின் குறிப்பைப் படிப்பவர் சிலரே. மனிதனால் சாபத்தை எதிர்க்க முடியாது, வேறு பக்கம் திருப்பிவிடத்தான் முடியும் என்கிறது அக்குறிப்பு. அந்தக் கல் சாபத்தை அழிப்பதில்லை; நமக்குப் பதிலாக அதைத் தான் வாங்கிக்கொள்கிறது. கல்லுக்குள் ஒரு மண்டையோடு இருக்கிறது. ஒரு காலத்தில் அது மனிதனாகவோ வேறோர் உயிராகவோ இருந்தது.

புதுமைப்பித்தனின் வாசகர்கள் இங்கே நிற்காமல் எங்கே நிற்பார்கள்? கல்லாகிப்போன நாம் மீள்வதற்கு, முன்பே கல்லாகிப்போன ஒருவனின் தலைமேல் நமது கல்லையும் ஏற்றிவிட்டு வருகிறோம். விமோசனம் என்பது இடமாற்றம். மீண்டவன் மகிழ்கிறான், வாங்கிக்கொண்டவன் மண்டையோடாகக் கிடக்கிறான், இடையில் நின்று விற்பவன் பாவமன்னிப்பு வழங்குபவன். இதற்கு மேல் ஒரு கதாசிரியன் என்ன எழுத வேண்டும்? அதிலும் இது நமக்கு வெளியே யாரோ செய்த கதையன்று. குறிப்பைப் படிக்கும்போது கல் ஏற்கெனவே நமது கையில் இருக்கிறது. படித்த பிறகும் நாம் அதை உபயோகித்தோம். பாதி உயிரோடு அந்தச் சாக்கடையில் மறுபடி இறங்கும் துணிவு நமக்கில்லை. இந்தச் சிறு கோழைத்தனத்தை நம்மைப் பற்றி நமக்கே காட்டிக்கொடுத்தது அந்தத் தவளை.

இன்னொன்றும் உண்டு. லோர்டிரனில் நியூ லோண்டோ என்று நீரில் மூழ்கிய நகரம் இருக்கிறது. அதற்குள் புகுந்த தீமை வெளியேறாமல் இருக்க ஊரையும் ஊராரையும் சேர்த்தே மூழ்கடித்தார்கள். அவர்களின் பேய்கள் அங்கே உலவுகின்றன. சாதாரண மனிதன் வீசும் வாள் அவற்றின் ஊடாகக் காற்றில் போவதுபோல் போய்விடும். சாபமுற்றவனின் வாள் மட்டும் படும். அதற்காகவே தற்காலிகமாகச் சாபத்தை ஏற்கும் பொருளொன்றும் அந்த விளையாட்டில் உண்டு. பிறர் நலத்துக்காகப் பலியிடப்பட்டவர்களை, தானும் சாபத்தைச் சுமப்பவன் மட்டுமே தொட முடியும் என்பது அங்கே ஒரு விதி. யாரும் அதை வசனமாகப் பேசுவதில்லை. வாளை வீசிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். விதியே அதன் நடை, விதியே அதன் உவமை என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்.

மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. இந்தச் சாபம் அநியாயமானது, வேலை முடித்துக் களைத்து வந்து உட்காருபவனைத் தண்டிப்பது என்பார்கள். இவர்களை நாம் எள்ளி நகையாட மாட்டோம். தொடக்கத்தில் சாபம் அடுக்கடுக்காக ஏறக்கூடியதாக இருந்தது. மறுமுறை கல்லானால் உயிர் கால்பங்கு, மீண்டும் ஆனால் அரைக்கால். பிறகு வந்த திருத்தமொன்றில் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். அது நியாயமான திருத்தமே. அரைக்கால் உயிரோடு இருப்பவனுக்கு மேலேறும் வழியே அடைபட்டுவிடும். வழியடைத்த பின் அனுபவம் ஏது? கடுமையே கலை என்று மார்தட்டி, தோற்றவனைப் பார்த்து உனக்குத் திறமை போதாது என்று ஏளனம் செய்யும் ரசிகர்களோடும் நமக்கு உறவில்லை. வலியைப் பெருமையாக்குபவனுக்கும் அந்தக் கல்லுக்குள் இருக்கும் மண்டையோடு தெரியாது.

ஆயினும் அதற்குப் பின் நடந்ததை நம்மால் ஏற்க முடியவில்லை. 2016இல் வந்த ‘டார்க் சோல்ஸ் 3’இலும் பாசிலிஸ்க் உண்டு, புகை உண்டு, பட்டை உண்டு. நிரம்பினால் சாவு. எழுந்தால் முழு உயிர். 2022இல் அதே மியாசாகியின் இயக்கத்தில் வந்த ‘எல்டன் ரிங்’கிலும் இதே தவளை வருகிறது, இதே போல் உடனடிச் சாவைத் தருகிறது, சாவோடு கணக்கு முடிகிறது. பார்வைக்கு எல்லாம் பழையபடிதான். சாபம் மட்டும் காணாமற்போயிற்று. சாவு மலிந்துகிடக்கும் உலகில் மேலுமொரு சாவு எதைச் சொல்லும்? 2011இன் தவளை, சாவைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, குறைந்துபோய் வாழ்வதே அது என்றது. பின்னால் வந்த தவளைகள் அந்த வாக்கியத்தை மறந்துவிட்டு அதன் ஆச்சரியக்குறியை மட்டும் வைத்துக்கொண்டன.

விளையாடுவோரின் வசதிக்காகவே இம்மாற்றம் என்று சொல்லலாம். இருக்கலாம். ஆனால் வசதிக்காகப் புதுமைப்பித்தன் கதையின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, அகலிகை மீண்டாள், சுபம் என்று ஒருவர் பதிப்பித்தால் நாம் சும்மா இருப்போமா? அறிக்கை விடுவோம், கையெழுத்து வாங்குவோம், இரண்டு சிற்றிதழ்கள் சிறப்பிதழ் போடும். இங்கே ஓர் அரிய கருத்து சத்தமில்லாமல் வெட்டப்பட்டது. கேட்க ஆளில்லை. ஏனெனில் கேட்கக் கூடியவர்கள் தேநீர்க் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் கவலை இதுதான். இன்று நமது வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு இழப்பு, பொறுமை, மறுபடி முயல்வது ஆகியவற்றைப் பற்றிய முதற்பாடங்கள் இந்தத் திரைகளிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெறும் சூதாட்டப் பெட்டிகள், காசு பறிக்கும் தந்திரங்கள், நேரத்தைத் தின்பவை. அதை மறுக்கவில்லை. வெளியாகும் நாவல்களில் பெரும்பாலானவை மட்டும் என்ன வாழ்கிறதாம்? நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்வதற்கே விமர்சகன் என்றொருவன் இருக்கிறான். அவன் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டால், உள்ளே பேசும் குரல் விற்பவனுடையதாக மட்டுமே இருக்கும். அப்போது எது சாபம், எது வெறும் சாவு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்?

ஜப்பானிய மொழியில் தவளைக்குக் ‘காஎரு’ என்று பெயர். திரும்பி வருதல் என்ற வினைக்கும் அதே ஒலி. அதனால் பத்திரமாக வீடு திரும்ப வேண்டி அங்கே சிறு தவளை உருவங்களை உடன் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இந்த விளையாட்டை ஆக்கியவர்கள் அதை எண்ணித்தான் தவளையைத் தேர்ந்தார்களா என்பது நமது பிரச்சினையல்ல. அந்தச் சாக்கடையின் அடியில், பாதி உயிரோடு, மேலே போகும் வழியைப் பார்த்து நின்றபோது நமக்கு எஞ்சியிருந்த கேள்வி திரும்புவது எப்படி என்பது ஒன்றுதான்.

மூத்த விமர்சகருக்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் விளையாட வேண்டாம். இந்த வயதில் விரல்கள் ஒத்துழைக்கா, நமக்கே ஒத்துழைக்கவில்லை. மாணவன் ஒருவனை அருகில் அமர்த்தி, அவன் விளையாடும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். தவளையைக் கண்டதும் தாங்கள் சிரிக்கலாம், அவனும் சிரிப்பான். புகை பட்டு அவன் கல்லான பிறகு, திரையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். சாபநீக்கக் கல்லை அவன் வாங்கியதும், உபயோகிக்கும் முன், அதன் குறிப்பை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் இதில் என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்டால், நாம் வாயை மூடிக்கொள்ளத் தயார்.